46 வயதில் இன்டீரியர் டிசைனர் ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டுக் கடன் அடைய இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டைக் கட்டியபோது சமையலறை, அலமாரிகள், பூஜை அறை எல்லாவற்றையும் நானே யோசித்து, ஆசாரியிடம் சொல்லிச் செய்ய வைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டவே, அக்கா வீட்டையும் செய்து கொடுத்தேன். இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை இப்போது விடாமல் துரத்துகிறது. ஒரு பயிற்சி நிறுவனம் ஓராண்டு டிப்ளமோவுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது. மாத இறுதிக்குள் கட்டினால் சலுகை என்கிறார்கள். "இந்த வயதில் எதற்கு?" என்கிறார் என் கணவர். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? கணினியில் படம் வரையும் இளைஞர்களோடு என்னால் போட்டி போட முடியுமா? ஆசாரிகள் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்பார்களா? உடன் வேலை செய்யும் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையைச் செய்து தரச் சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் அவசரமானது ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத இறுதிக்குள் அந்த மூன்றரை லட்சத்தைக் கட்ட வேண்டாம். சலுகை போனால் போகட்டும்; வேறொரு பண்டிகையின் பெயரில் அதே சலுகை திரும்ப வரும். வேலையையும் இப்போது விட வேண்டாம். இப்படிச் சொல்வதால் நான் உங்களைத் தடுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கோவையில் 27 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். 46 வயதில் இதற்குள் வந்து நல்ல பெயர் எடுக்க முடியும் என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் கட்டண ரசீது வழியாக வராமல், வேலை நடக்கும் இடத்தின் வழியாக, எங்கள் பேச்சில் சொன்னால் 'சைட்' வழியாக, உள்ளே வாருங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

உங்களுக்கு ரசனை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு வீடுகளை ஆசாரியை வைத்து முடித்தவர் என்பதால் பொறுமையும் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வீடுகளிலும் யோசித்தவர், பணம் கொடுத்தவர், பிறகு அங்கே வாழ்பவர் எல்லாரும் நீங்களோ உங்கள் அக்காவோதான். ஓர் இழுப்பறை சற்றே இடித்தாலும் நாம் செய்ததுதானே என்று பொறுத்துக்கொண்டிருப்பீர்கள். அதை ஒரு தவறு என்றே நினைத்திருக்க மாட்டீர்கள். அடுத்தவர் வீட்டில் அந்த ஓர் அங்குலத்துக்கு விலை உண்டு, அந்த விலையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

தனியாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அடிப் படுக்கையறை. ஒரு சுவர் முழுவதும் அலமாரி, ஏழடிக்கு மேலே லாஃப்ட். சுவரின் நீளமும் உயரமும் சரியாக எடுத்திருந்தேன். ஆசாரியின் வேலையும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. கைப்பிடி பொருத்திய அன்று அந்த வீட்டு அம்மாள் ஒரு நாற்காலியின் மேல் ஏறி லாஃப்ட் கதவை ஆசையோடு திறந்தார். கதவு மின்விசிறியின் இறக்கையில் போய் இடித்து நின்றது. அறையின் நடுவில் தொங்கும் விசிறி சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கிறது. விசிறியின் குறுக்களவு நான்கடி என்பதால் இறக்கையின் முனை சுவரிலிருந்து மூன்றடியில் வந்துவிடுகிறது. அலமாரியின் ஆழம் இரண்டடி. ஆக, மிஞ்சியது ஓரடிதான். நான் போட்டிருந்த கதவோ ஒன்றரை அடி அகலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கழித்தல் கணக்கு அது. சுவரை அளந்த நான் ஒரு முறை அண்ணாந்து பார்க்கவில்லை. கதவுகளைக் கழற்றிவிட்டு நகரும் கதவுகளாக மாற்றிய செலவு முழுவதையும் என் கட்டணத்திலிருந்தே கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் விசிறியைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை ஐந்து மீட்டர் அளவு நாடா ஒன்று, மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டம் ஒன்று, தளம் சமமாக இருக்கிறதா என்று காட்டும் ரசமட்டம் ஒன்று, ஒரு கிராஃப் நோட்டு. மொத்தச் செலவு ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். உங்கள் சமையலறையிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு சுவரையும் தரையோரம், இடுப்பளவு, தலையளவு என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் பூச்சு வேலை கையால் செய்வது. பிறகு மூலை சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள்: மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடியும் மறு சுவரில் நான்கடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்காக அளந்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். கொத்தனார்கள் மனை முகூர்த்தத்தன்று நூல் பிடித்துப் பார்க்கும் கணக்கு இதுதான். ஐந்தடிக்குக் கூடவோ குறையவோ வந்தால், அந்த மூலையில் நீங்கள் நேராக அறுத்து வைக்கும் பலகை சுவரோடு சேராது. ஒரு பக்கம் இடைவெளி விழும். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் பாயின்ட் எங்கே, கழுவுதொட்டியின் கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது, கூரையில் பீம் எவ்வளவு தொங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அடி, அங்குலத்தில் மட்டுமல்லாமல் மில்லிமீட்டரிலும் எழுதிப் பழகுங்கள். அலமாரிச் சாமான்கள் எல்லாம் மில்லிமீட்டரில்தான் வருகின்றன.

இதோடு ஆட்களையும் அளக்கக் கற்க வேண்டும். சமையல் மேடையின் உயரம் இவ்வளவு என்று கொத்தனார் ஒரு பழக்கத்தில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். அங்கே நின்று காய் நறுக்குபவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காது. ஐந்தடி உயரமுள்ள ஒரு தாய்க்கும் ஐந்தடி ஏழு அங்குலமுள்ள மருமகளுக்கும் ஒரே மேடை பொருந்தாது; அந்த வீட்டில் யார் அதிகம் சமைக்கிறார் என்று கேட்டு, அவருக்குத்தான் மேடை. கிரைண்டரை மேல் அலமாரிக்கு நேர் கீழே வைத்தால் கல்லைத் தூக்க முடியாது என்பது இணையத்தில் கிடைக்கும் அழகான சமையலறைப் படங்கள் எதிலும் தெரியாது. உங்களுக்கு அது தெரியும். இருபது ஆண்டுகள் மாவரைத்த கைக்கு அது தானாகவே தெரியும்.

அடுத்து, உங்கள் கணக்கு அறிவு. கடிதத்தில் அதை நீங்கள் விட்டுவிட்டு வரப்போகும் ஒரு வேலையாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அதுதான் நீங்கள் கொண்டுவரும் பெரிய மூலதனம். ஒரு பிளைவுட் பலகை எட்டுக்கு நான்கு அடி, அதாவது 32 சதுர அடி. ஏழடி உயரமுள்ள அலமாரிக்கு 23½ அங்குல ஆழம் வைத்தால், ஒரே பலகையிலிருந்து இரண்டு பக்கப் பலகைகள் கிடைக்கும். மேலே ஓரடித் துண்டு மிஞ்சி அது ஒரு தட்டுக்கு உதவும். ஆழத்தை 25 அங்குலமாக்கினால் ஒரு பலகையில் ஒரு பக்கம்தான் வரும். அடுத்த பக்கத்துக்கு இன்னொரு பலகையை அறுக்க வேண்டும். படத்தில் அந்த ஒன்றரை அங்குலம் யாருக்கும் தெரியாது, பில்லில் தெரியும். நன்றாக வரைபவர்கள் பலர் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறார்கள். வெட்டுக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பலகையைப் பற்றி இன்னொன்று. கடைக்காரர் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்வதை எழுதிக்கொள்ளாதீர்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட், அதில் எம்.ஆர். என்று போட்டிருந்தால் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும் என்று பொருள், தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஐ.எஸ். 710 என்பதுதான் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். கழுவுதொட்டிக்குக் கீழே எதைப் போடுவது, படுக்கையறை அலமாரிக்கு எது போதும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால், வாடிக்கையாளரின் பணமும் மிஞ்சும், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஊதிப்போன கதவைக் காட்டி அவர் உங்களைக் கூப்பிடவும் மாட்டார்.

இவற்றை எங்கே கற்பது? உங்கள் வீட்டைச் செய்த ஆசாரியிடமே போங்கள். "நான் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறேன், நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு விடுப்பு நாள்களில் வந்து பார்க்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆறு மாதம், வாரத்தில் ஒரு நாள், ஒரு வீட்டின் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். அறுப்பதைப் பாருங்கள், கீல் பொருத்துவதைப் பாருங்கள், மைக்கா ஒட்டும்போது பசை எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று கேளுங்கள், எலக்ட்ரீஷியனும் ஆசாரியும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து எத்தனை நாள் வீணாகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு வேளை டீயும் ஒரு வேளைச் சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள். எந்தப் பயிற்சி நிறுவனமும் இந்தப் பாடத்தை மூன்றரை லட்சத்துக்குத் தருவதில்லை.

ஆசாரிகள் பேச்சைக் கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 24 வயதில் சைட்டுக்குப் போனபோது என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். நான் சொன்ன மாற்றங்களை வீட்டுக்காரரிடம் ஒரு முறை உறுதி செய்துகொண்டுதான் செய்தார்கள். உங்களை முதல் நாளே 'அம்மா' என்றோ 'அக்கா' என்றோ அழைப்பார்கள். வயது தரும் அந்த மரியாதை உங்களுக்குச் சும்மாவே கிடைக்கும். ஆனால் அது ஒரு வாரத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு அவர்கள் மதிப்பது, கையில் தெளிவான அளவுப் படம் இருக்கிறதா, காலையில் சொன்னதை மாலையில் மாற்றாமல் இருக்கிறாரா, வாரக் கூலி சனிக்கிழமை சரியாக வருகிறதா என்ற மூன்றையும்தான். இன்று நம் ஊர்களில் மர வேலைக்கு ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் படத்தில் 598 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் 598-க்கே அறுப்பார்கள். எழுதாமல் வாயால் சொல்லியிருந்தால், தவறு யாருடையது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது.

கணினிப் படங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற இரண்டு வரைபட மென்பொருள்களைக் கற்றால் இப்போதைக்குப் போதும். மாலை வகுப்பில் மூன்று நான்கு மாதங்களில் வேலைக்குத் தேவையான அளவு பழகிவிடலாம், ஸ்கெட்ச்அப்பை இணையத்தில் இலவசமாகவே திறந்து பழகலாம். பளபளவென்று ஒளியடிக்கும் 3டி படங்களை, வாடிக்கையாளர் கேட்டால், படத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அந்த இளைஞர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பவராக இருக்கலாம்.

டிப்ளமோ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிப்பட்ட அரசு உரிமம் எதுவும் இல்லை. ஆகவே சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று அந்த நிறுவனத்தார் சொன்னால் அது உண்மையன்று. அதே சமயம், உரிமம் தேவையில்லை என்பதால் கட்டடத்தில் எதையும் செய்யலாம் என்றும் ஆகிவிடாது. மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பல, தூண் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்கும் வீடுகள். 'இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகிவிடும்' என்று வீட்டுக்காரர் ஆசைப்படுவார். கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து எழுத்தில் சொல்லும்வரை அதில் ஓர் உளியைக்கூட வைக்க விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை.

ஆறு மாதம் சைட்டில் நின்ற பிறகும் முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றினால், அப்போது அந்த நிறுவனத்துக்குப் போங்கள். பாடம் நடத்துபவர்கள் இப்போது தொழில் செய்கிறவர்களா, மாணவர்கள் ஆசாரி கையில் கொடுக்கும் அளவுப் படத்தை வரைகிறார்களா அல்லது அலங்காரப் படம் மட்டும்தானா, சான்றிதழை ஒரு பல்கலைக்கழகம் தருகிறதா அல்லது நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு படித்து முடித்த இருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி அவர்களிடம் பேசுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். 'இந்த வயதில் எதற்கு?' என்பது அக்கறையில் எழுந்த கேள்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் இருக்கும்போது அது நியாயமான கேள்வியும்கூட. அவரை ஒரு நாள் உங்கள் ஊரிலேயே இருக்கும் கோச்சடைக்கு அழைத்துப் போங்கள். அங்கே இன்று விடுதியாக இயங்கும் பழைய மதுரை கிளப் கட்டடத்தை 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா. 1919-இல் கொழும்பில் பிறந்த அவர் இங்கிலாந்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதை அழகிய தோட்டமாக மாற்ற முனைந்தபோதுதான், ஆசை மட்டும் போதாது, தொழில்நுட்ப அறிவு தமக்கு இல்லை என்று உணர்ந்தார். கொழும்பில் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957-இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் பிற்பாடு அவர் செய்ததுதான். அவர் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஆகவே வருமானக் கணக்கை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு தோட்டத்தைத் தன் கையால் செய்யப் பார்த்து, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாளராக உட்கார்ந்தாரே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் சொல்கிறேன். செவிலியராக இருந்த ஒருவர் 43 வயதில் எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். வந்த மூன்றாம் மாதம், வயதான தம்பதி தனியே வாழும் ஒரு வீட்டின் படத்தை அவரிடம் பார்க்கக் கொடுத்தேன். நானும் இரண்டு இளைய டிசைனர்களும் பார்த்து முடித்த படம். அவர் குளியலறைக் கதவின் மேல் விரலை வைத்து, "இது உள்பக்கமாகத் திறக்கிறதே, உள்ளே விழுந்தவர் கதவிலேயே சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் பதில் சொல்லவில்லை. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். இரண்டரை அடிக் கதவை, சக்கர நாற்காலி நுழையும்படி மூன்றடியாக்கினோம். கழிப்பறை அருகே பிடித்து எழுந்திருக்கும் கைப்பிடியை டைல்ஸில் மட்டும் திருகாமல், செங்கல் சுவருக்குள் ஆழமாகப் பிடிக்கும்படி வைத்தோம். இன்று மூத்தவர்கள் வாழும் வீடுகள் எங்களிடம் வந்தால் அவரிடம்தான் போகின்றன. அவருடைய முந்தைய தொழில் எதுவும் வீணாகவில்லை. உங்கள் 22 ஆண்டுகளும் அப்படித்தான். செலவு எகிறிவிடுமோ என்று பயந்து டிசைனரிடம் போகாமலே இருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் மதுரையில் எத்தனையோ உண்டு, 'சொன்ன தொகைக்குள் முடித்துத் தருவார்' என்ற பெயர் உங்களுக்கு ஒரு முறை கிடைத்தால் போதும், அது நீங்கள் போகாத தெருவுக்கும் போய்ச் சேரும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கைகள் பல இந்தத் தொழிலில் பணத்தால்தான் கெட்டன. யோசனைக்கும் படத்துக்கும் மேற்பார்வைக்கும் மட்டும் கட்டணம் வாங்குவது ஒரு முறை. பொருள், கூலி எல்லாவற்றையும் நாமே ஏற்று மொத்தமாக முடித்துக் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் பெரிய தொகை கையில் புரளும். அதனால் எல்லாரும் அதையே விரும்புகிறார்கள். முதல் மூன்று ஆண்டுகள் அதன் பக்கமே போகாதீர்கள். பொருளுக்கு வாடிக்கையாளர் கடைக்கே நேரடியாகப் பணம் கட்டட்டும். ஆசாரிக்கும் அவரே கொடுக்கட்டும். உங்களுக்கு உங்கள் கட்டணம் மட்டும் வரட்டும். மொத்தமாக ஏற்றால் மொத்தத் தொகையும் உங்கள் விற்றுமுதலாகிவிடும். ஏழு லட்ச ரூபாய் வேலைகள் மூன்று வந்தாலே சேவைகளுக்கான 20 லட்ச ரூபாய் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து முன்பணம். இரண்டாவது வீட்டுக்காரர் கொடுத்த முன்பணத்தில் முதல் வீட்டின் பாக்கி வேலையை முடிப்பது, மூன்றாவதில் இரண்டாவதை முடிப்பது என்று போனவர்களை எனக்குத் தெரியும். எங்கோ ஒரு வேலை ஒரு மாதம் நின்றாலும் அந்தச் சங்கிலி முழுதும் அறுந்து விழும். ஊரில் தலைகாட்ட முடியாது.

கமிஷன் என்ற ஒன்றும் வரும். பிளைவுட் கடை, டைல்ஸ் கடை, லைட் கடை என்று நீங்கள் ஆளை அழைத்துப் போகும் இடமெல்லாம் உங்கள் பங்கு ஒன்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்காமலே தருவார்கள். தொழிலில் இது சகஜம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் வாங்குவதில்லை, அந்தத் தொகையை வாடிக்கையாளரின் பில்லிலேயே கழித்துக் கொடுக்கச் சொல்லிவிடுவேன். நம்மிடம் கட்டணம் கொடுத்தவர், நாம் அவர் பக்கம் நின்று பேசுகிறோம் என்று நம்பித்தான் கடைக்கு நம் பின்னால் வருகிறார். அந்த நம்பிக்கைக்கு உள்ளே ஒரு கள்ளக் கணக்கு ஓடக் கூடாது. உங்கள் கட்டணத்தைக் கூச்சப்படாமல் சரியாகக் கேட்டு வாங்கினால் கமிஷன் தேவைப்படவே படாது.

வேலையை எப்போது விடுவது என்பதற்கு நான் ஓர் அளவு சொல்வேன். வீட்டுக் கடன் தவணையும் மகனின் கல்லூரிக் கட்டணமும் உட்பட 18 மாதச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். அதோடு, உறவினரல்லாத மூன்று பேருக்குக் கட்டணம் வாங்கி வேலை முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது இன்னொருவரை உங்களிடம் அனுப்பியிருக்க வேண்டும். இது நடக்க இரண்டு ஆண்டுகள் ஆகலாம், மூன்றும் ஆகலாம். மகன் படிப்பை முடித்துவிடுவான் என்பதால் அந்தக் காலம் உங்களுக்குச் சாதகமானதே. இதற்கிடையில் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி வராத கட்டடத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை மூன்று மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கும், மரத்தூளும் பெயின்ட் நெடியும் இருக்கும்.

கடைசியாக, உடன் வேலை செய்பவரின் சமையலறை. ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் ஆசாரியோடு இரண்டு மாதமாவது நின்ற பிறகு. 'நமக்குள் என்ன கட்டணம்' என்று இருவருக்குமே தோன்றும். சிறியதாக இருந்தாலும் ஒரு தொகையை வாங்குங்கள். வாங்காவிட்டால் அது உதவியாகிவிடும். உதவியில் குறை வந்தால் அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது, உங்களாலும் கற்றுக்கொள்ள முடியாது. வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எந்தெந்த அலமாரி, என்ன பலகை, அதன் ஐ.எஸ். எண் என்ன, மைக்காவின் நிறமும் எண்ணும் என்ன, பிளம்பிங்கும் மின்வேலையும் யார் பொறுப்பு, எத்தனை நாள், மாற்றம் கேட்டால் கூடுதல் செலவு யாருடையது. சமையல் நிற்கும் நாள்களில் அவர்கள் எங்கே சமைப்பார்கள் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பால்கனியிலோ ஹாலின் ஓரத்திலோ ஓர் அடுப்பும் ஒரு பிளக் பாயின்ட்டும் முதல் நாளே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பழைய கடப்பாக் கல்லை உடைக்கச் சொல்ல வேண்டும்.